நூற்று எழுபத்திரண்டு குதிரை

மூன்றாவது ஓட்டத்திலும் நூற்று எழுபத்திரண்டு குதிரைசக்திதான் வந்தது.

எஞ்சின்களின் சக்தியை அளந்து கொடுக்கும் டெஸ் ஓட்ஸ், கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான். காட்டியிருக்கவே வேண்டாம். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எஞ்சின் அலறிக்கொண்டிருந்தபோதே முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டேன், மனக்கணக்கும் போட்டுவிட்டேன். ஆனாலும் எண்ணை இன்னொரு தடவை பார்த்தேன்.

"நூத்தி எழுபத்திரெண்டு," என்றான் டெஸ், எனக்குப் படிக்கத் தெரியாது என்பதுபோல.

"தெரியுது."

"மார்ச்சுல, பழைய ஹெட்டோட, நூத்தி எழுபத்தொண்ணு."

"அதுவும் தெரியுது டெஸ்."

"அப்போ ஒரு குதிரை கூடியிருக்கு," என்றான் ரஸ்ஸல் கீயோ. "அறுபது மணி நேரம் ராவி ஒரே ஒரு குதிரை. அதுவும் நொண்டியா இருக்கும்."

நான் அவனை முறைத்தேன். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். ரஸ்ஸல் கெட்டவன் இல்லை. வார நாட்களில் வீட்டுச் சுவர்களுக்குப் பூச்சு வேலை, வார இறுதியில் பழைய கார்ப் பந்தயம். அறுபத்தொன்பதாம் வருஷத்து ஹோல்டன் கார் ஒன்று வைத்திருக்கிறான். அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் இப்போது டெஸ்ஸின் கொட்டகையில், இரும்புக் கட்டிலில் பூட்டப்பட்டு, பின்னால் அதன் சக்தியை அளக்கும் தண்ணீர் பிரேக் மாட்டி, முக்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் அவனுடையது. அதன்மேல் இருந்த ஹெட் என்னுடையது.

எஞ்சினுக்கு மூக்கும் தொண்டையும் ஹெட்தான். காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது, புகை அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. வார்ப்பில் வரும்போது அந்தக் குழாய்வழிகள் (போர்ட் என்போம்) கரடுமுரடாக, இருக்கக்கூடாத இடத்தில் எல்லாம் புடைப்பாக இருக்கும். சின்ன ராவு சக்கரத்தை உள்ளே விட்டு, விரலால் தடவித் தடவி, காற்று தடுக்கி விழாமல் போகும்படி செய்வது என் வேலை. ஃபிட்ச் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தேன். இந்த மாநிலத்தில் ஓடும் பந்தயக் கார்களில் பாதி என் விரல் பட்டவை. ஆனால் ஒவ்வொரு ஹெட்டின் மூலையிலும் ஃபிட்ச் தன் பெயரின் முதலெழுத்துகளைத்தான் அடித்து அனுப்புவான்.

பிப்ரவரியில் வேலையை விட்டேன். என் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு மேஜை போட்டேன். ரஸ்ஸலின் எஞ்சினுக்கு இன்னொரு ஹெட் ராவிக் கொடுப்பதுதான் முதல் வேலை. அதன் மூலையில் உளியை வைத்து என்.பி. என்று அடித்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். நோலீன் பாஸ்கோ. ஐம்பது வயதில் ஒருத்தி தன் பெயரைத் தடவிப் பார்ப்பது வெட்கக்கேடுதான், ஆனால் தடவினேன்.

ரஸ்ஸல் பழைய கார்ப் பந்தயக் கிளப்பின் செயலாளர். அதே எஞ்சின் வைத்திருக்கும் இன்னும் ஐந்து பேர் அங்கே இருக்கிறார்கள். பத்துக் குதிரை கூடினால் ஐந்து பேரும் என்னிடம் வருவார்கள், கூடாவிட்டால் ஃபிட்சிடமே திரும்பிப் போவார்கள். இதை ரஸ்ஸல் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டான். ஃபிட்ச் மதுக்கடையில் உட்கார்ந்து, "கை மட்டும்தான் அவளோடது, மூளை என்னோடது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதையும் அவனே சொன்னான். அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அன்று திங்கட்கிழமை. ஜூலை மாதம், எங்கள் பக்கம் நடுக்குளிர். பல்லராட் ஊரில் ஜூலை என்றால் என்ன என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். டெஸ்ஸின் கொட்டகைத் தகரத்தில் காலை பத்து மணிக்கும் பனி உருகவில்லை. மூன்று பேரும் கோட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தோம்.

"ஸ்பார்க் டைமிங்கை ரெண்டு டிகிரி முன்னாடி தள்ளு," என்றேன்.

டெஸ் தள்ளினான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அவனுக்கு ஒரு சடங்கு உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் பாரோமீட்டரை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவான், காற்றழுத்தத்தை உரக்கப் படிப்பான், தாளில் எழுதிக்கொள்வான். பிறகு வெப்பமானி. காற்று எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப எஞ்சினின் எண்ணைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் அளந்ததை இன்னொரு நாள் அளந்ததோடு ஒப்பிட முடியாது.

"ஆயிரத்து இருபத்தொண்ணு. அஞ்சு டிகிரி. அருமையான காத்து. சரி, ஆளுக்கொரு நம்பர் சொல்லுங்க."

இதுவும் அங்கே வழக்கம். எஞ்சினை முடுக்கும் முன் எல்லோரும் ஒரு எண் சொல்ல வேண்டும். யார் சொன்னது ரொம்பத் தள்ளிப் போகிறதோ அவர் மதியச் சாப்பாட்டுக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட பை வாங்கி வர வேண்டும்.

"நூத்தி எழுபத்தி மூணு," என்றான் டெஸ்.

"நூத்தி எழுபது," என்றான் ரஸ்ஸல்.

"நூத்தி எண்பத்திரெண்டு," என்றேன்.

"விடமாட்டியா நீ?" என்றான் டெஸ்.

"மாட்டேன். முடுக்கு."

நூற்று எழுபத்திரண்டு. நான் மழையில் நனைந்துகொண்டு போய் பை வாங்கி வந்தேன். ரஸ்ஸல் தக்காளி சாஸை அதன்மேல் கொட்டிக்கொண்டே, "நாளைக்கும் உன் கையாலதான் சாப்பாடுன்னு தோணுது" என்றான். நான் என் பையை அப்படியே அவனிடம் தள்ளிவிட்டேன். பசி இல்லை.

சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அவன் ஒரு யோசனை சொன்னான். "பேசாம பழைய ஹெட்டைத் திருப்பிப் போட்டு ஒரு தடவ ஓட்டிப் பாப்போமா? எதுக்கும் இருக்கட்டுமே."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... ஒப்பிட்டுப் பாக்கத்தான்."

"அதான் மார்ச்சுல ஓட்டியாச்சே. தாள் இருக்கு. நம்பர் இருக்கு. ஹெட்டைக் கழட்டி மாட்ட அரை நாள் ஆகும். என் ஹெட்டைக் கழட்டணும்னா நேரா சொல்லிடு."

"கோவப்படாதம்மா. சும்மா ஒரு யோசனைதான் சொன்னேன்."

"யோசனையை எல்லாம் சுவத்துக்குப் பூசு. இது என் வேலை."

வாயைக் கொடுத்தேன். அந்த வாயை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. எஞ்சின் வேலையில் கை வைத்த எவருக்கும் தெரிந்த முதல் பாடம் அது. எதுவும் புரியவில்லை என்றால் பழையதைத் திரும்பப் போட்டு அளந்து பார். பூச்சு வேலைக்காரனுக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். தோன்றியது. ஆனால் பழைய ஹெட்டை எடுத்து மாட்டினால் தோற்றுவிட்டேன் என்று நானே கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் மற்றதை எல்லாம் சந்தேகப்பட்டோம். மூன்று கார்பரேட்டரையும் கழற்றிப் பெட்ரோல் துளைகளைப் பெரிதாக்கினேன், பிறகு சிறிதாக்கினேன். ஆறு ஸ்பார்க் பிளக்கையும் புதிதாக மாட்டினான் டெஸ். பெட்ரோலை வடித்துவிட்டு வேறு கடைப் பெட்ரோல் ஊற்றினான் ரஸ்ஸல். புகைக்குழாயில் ஏதாவது அடைத்திருக்குமோ என்று நான் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. எழுந்தபோது முதுகெல்லாம் எண்ணெய்.

நூற்று எழுபத்தொன்று. நூற்று எழுபத்திரண்டு. நூற்று எழுபத்திரண்டு.

எஞ்சின் என்னவோ அருமையாகத்தான் பாடியது. அதுதான் இன்னும் எரிச்சல். ஐயாயிரம் சுற்றில் ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் இழுக்கும்போது என் காது, இது நல்ல எஞ்சின், நன்றாக மூச்சு விடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. காது ஒன்று சொல்ல, கால்குலேட்டர் வேறொன்று சொன்னது. டெஸ் ஒவ்வொரு முறையும் கால்குலேட்டரைத்தான் நம்பினான். மூன்று மணிவாக்கில் நானும் அதையே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நாலு மணிக்கு டெஸ் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ரொம்ப மெதுவாக, சாவு வீட்டில் பேசுவதுபோல, கேட்டான். "நோலீன், உள்ள இன்னும் எங்கயாச்சும் எடுக்க இடம் இருக்கா?"

"இல்ல."

"மூணாவது போர்ட்டுல, அந்த வளைவுல?"

"அதுக்குப் பின்னாடி தண்ணி ஓடுது டெஸ். நான் மூணு பழைய ஹெட்டை ரம்பத்தால அறுத்துப் பாத்திருக்கேன். இரும்பு அங்க மூணு மில்லிதான். அந்த இடத்துல நான் கையே வைக்கமாட்டேன். ஹெட் நல்லாத்தான் இருக்கு."

"சரி, சரி. சும்மா கேட்டேன்."

ரஸ்ஸல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நோலீன், சனிக்கிழமை வின்டன்ல ரேஸ். நான் நாளைக்குப் பழைய ஹெட்டை மாட்டிடறேன். தெரிஞ்ச பிசாசே போதும் எனக்கு. உன் உழைப்பு வீண்போகக் கூடாதுன்னுதான் ரெண்டு நாளாப் பேசாம இருந்தேன்."

"கிளப்புல என்ன சொல்லுவே?"

"கேட்டா சொல்லித்தானே ஆகணும்? நம்பர் என்னவோ அதைச் சொல்லுவேன்."

 ஹெட்டை நானே கழற்றினேன். பழைய துண்டில் சுற்றி வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை காலை அதை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு போர்ட்டிலும் விரலை விட்டேன். எங்கேயும் குறை இல்லை. குறை இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பத்து மணிக்கு எனக்கு நானே, "தொடாதே, இதை இப்படியே விடு" என்று சொன்னேன். பதினோரு மணிக்கு மூன்றாவது போர்ட்டின் வளைவில் பென்சிலால் கோடு போட்டேன். ஒரு மில்லி. ஒரே ஒரு மில்லி எடுத்தால் வளைவு இன்னும் கொஞ்சம் சாய்வாகும். ஃபிட்ச் அங்கே எடுத்திருப்பானா என்று யோசித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஃபிட்ச் ராவு சக்கரத்தைக் கையால் தொட்டதே இல்லை. அவன் என்ன செய்திருப்பான் என்று நான் ஏன் யோசிக்க வேண்டும்? ஆனால் யோசித்தேன்.

மதியம் சக்கரத்தைப் போட்டேன்.

இரும்பு ராவும் சத்தம் எனக்கு என் மகள் குரலைவிடப் பழக்கம். தடிமனான இடத்தில் அது முனகும். மெல்லிய இடத்துக்கு வந்தால் குரல் மேலே ஏறும். அன்று ஏறியது. கேட்டேன். கேட்டும் கையை எடுக்கவில்லை. இன்னும் ஒரு தடவை, அவ்வளவுதான், இன்னும் ஒரே ஒரு தடவை என்று அழுத்தினேன்.

திடீரென்று சத்தம் மாறியது. சக்கரம் எதன்மேலோ தடுக்கியதுபோல ஒரு துள்ளல். நிறுத்தினேன். டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தேன். வளைவின் நடுவில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. ஊசியை விட்டேன். ஊசி அந்தப் பக்கம் போயிற்று. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறைக்குள் போயிற்று.

சக்கரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அது உடையவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டெஸ் தொலைபேசியில் கூப்பிட்டான். "நோலீன், கொஞ்சம் வர்றியா? பழைய ஹெட்டை மாட்டி ஓட்டினோம். ஒண்ணும் புரியல."

"என்ன புரியல?"

"நூத்தி அறுபத்திரெண்டு காட்டுது."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். மார்ச்சில் நூற்று எழுபத்தொன்று தந்த அதே எஞ்சின், அதே பழைய ஹெட். இப்போது நூற்று அறுபத்திரண்டு. அப்படியென்றால் அதே எஞ்சினில் என் ஹெட் அதைவிடப் பத்துக் குதிரை கூடத் தந்திருக்கிறது. இதை அறிய எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. 

துண்டில் சுற்றிய ஹெட் வண்டியின் பின்னால்தான் கிடந்தது. டெஸ்ஸின் கொட்டகையில் பழைய இரும்பு போடும் தொட்டியில் போட்டுவிடலாம் என்று காலையில் தூக்கி வைத்திருந்தேன். வீட்டில் வைத்து அதன் முகத்தில் விழிக்க முடியவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்தபோது இரண்டு பேரும் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். டெஸ் தண்ணீர் பிரேக்கைப் பாதி பிரித்துப் போட்டிருந்தான்.

"பிரேக் தப்பாக் காட்டுதோன்னு எடை வச்சுப் பாத்துட்டேன்," என்றான். "நூல் பிடிச்சாப்ல சரியா இருக்கு. முள்ளும் சரி. எஞ்சினும் சரி. அப்போ குதிரைங்க எங்க போச்சு?"

"தாளைக் காட்டு."

"எந்தத் தாள்?"

"மார்ச் தாளு. இந்த வாரத் தாளு. ரெண்டையும்."

மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இதைத் திங்கட்கிழமை காலையிலேயே செய்திருக்கலாம். தாள்கள் கைக்கெட்டும் தூரத்தில், ஆணியில் குத்தித் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்று நாளும் நாங்கள் கடைசி வரியை மட்டும்தான் பார்த்தோம். இப்போது மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே விரல் நின்றது.

"டெஸ், மார்ச்சுல காத்தழுத்தம் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டுன்னு எழுதியிருக்கே."

"ஆமா."

"திங்கக்கிழமை ஆயிரத்து இருபத்தொண்ணு."

"ஆமா. மார்ச்சுல அன்னைக்குக் காத்து மோசமா இருந்திருக்கும்."

"இருபத்தாறு டிகிரி, வெயில்னு உன் கையெழுத்துலயே எழுதியிருக்கே. நிஜமாவே அம்பது விழுந்திருந்தா அன்னைக்கு ஊர்க் கூரையெல்லாம் பறந்திருக்கும்."

டெஸ் பாரோமீட்டரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஓ, அதுவா? அது கெட்டுப்போயிருந்துச்சு நோலீன். ஜூன் லீவுல கொட்டகையைக் கூட்டிப் பெருக்கறப்போ கவனிச்சேன். ரேடியோல சொல்ற நம்பருக்கும் இதுக்கும் அம்பது வித்தியாசம். பாவம், எத்தனை வருஷமா அப்படி இருந்துச்சோ. பின்னாடி ஒரு திருகு இருக்கு. சரி பண்ணிட்டேன்."

"எதை வச்சு சரி பண்ணினே?"

"ரேடியோவை வச்சுதான். எல்லாரும் அப்படித்தானே பண்ணுவாங்க?"

எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பல்லராட்டில் எந்த வீட்டு நடையிலும் ஒரு பாரோமீட்டர் தொங்கும். காலைச் செய்தி முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்துபோய் ரேடியோ சொன்ன எண்ணுக்கு அதைத் திருகி வைப்பார். என் வீட்டிலும் நான் அதைத்தான் செய்கிறேன். நாளைக்கு மழை வருமா என்று பார்க்க அது போதும். ஆனால் ரேடியோ எல்லா ஊரும் கடற்கரையில் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் எண்ணைச் சொல்கிறது. நாங்கள் இருப்பது நானூற்று முப்பது மீட்டர் உயரத்தில். இங்கே காற்று இயல்பாகவே மெல்லியது. டெஸ்ஸின் பாரோமீட்டர் கெட்டுப்போகவே இல்லை. அதை முதலில் மாட்டியவன் யாரோ விவரம் தெரிந்தவன். அது இத்தனை வருஷமாக இந்தக் கொட்டகைக்குள் இருக்கும் காற்றைத்தான் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இதைச் சொன்னேன். டெஸ்ஸுக்கு உடனே பிடிபடவில்லை. ரஸ்ஸலுக்குப் பிடிபட்டது.

"அப்போ நம்ம எஞ்சின் மெல்லிசான காத்தைக் குடிச்சிட்டு வேலை பாத்திருக்கு," என்றான். "நாம என்னடான்னா நல்ல கனமான காத்தைக் குடிச்சதா கணக்குப் போட்டிருக்கோம்."

"ஆமா. மெல்லிய காத்துக்கு ஈடுகட்டத்தான் அந்தக் கணக்கே. காத்து கனம்னு சொல்லிட்டா ஈடு கிடைக்காது. நூத்துக்கு அஞ்சு பங்கு போயிடும்."

டெஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை. "போன வாரம் ஒருத்தன்கிட்ட உன் எஞ்சின்ல பிஸ்டன் ரிங் எல்லாம் தேஞ்சுபோச்சு, பிரிச்சு வேலை பாருன்னு சொல்லி அனுப்பினேனே," என்றான் மெதுவாக. "பிரிச்சிருப்பானோ?"

நான் கால்குலேட்டரை எடுத்தேன். சரியான அழுத்தத்தைப் போட்டுப் பழைய ஹெட்டின் இன்றைய எண்ணைத் திருத்தினேன். நூற்று எழுபத்தொன்று. மார்ச்சில் வந்த அதே எண், ஒரு குதிரைகூடப் பிசகவில்லை. பிறகு திங்கட்கிழமை என் ஹெட் தந்ததைத் திருத்தினேன்.

நூற்று எண்பத்தொன்று.

ரஸ்ஸல் என் தோள்மேல் எட்டிப் பார்த்தான்.  பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்தான். "நூத்தி எண்பத்தொண்ணு! ரெண்டு நாளா நூத்தி எண்பத்திரெண்டுன்னு சொல்லிட்டே இருந்தியே, ஒரே ஒரு குதிரைதான் வித்தியாசம்! பை எல்லாம் நாங்கதான் வாங்கியிருக்கணும்! டெஸ், எழுந்திரிய்யா, எழுந்து போய் இவளுக்குப் பை வாங்கிட்டு வா! ரெண்டா வாங்கு!"

"ரஸ்ஸல்."

"கிளப்புல இன்னைக்கே சொல்றேன். அஞ்சு பேருக்கும் இப்பவே போன் போடறேன். அந்த ஃபிட்ச் மூஞ்சி எப்படிப் போகும்னு பாக்கணும். மூளை அவனோடதாம்ல!"

"ரஸ்ஸல், கொஞ்சம் நில்லு."

"என்ன நிக்கறது? ஹெட் எங்க? வீட்லயா?"

"வண்டில இருக்கு."

சொல்லியிருக்கக் கூடாது. வீட்டில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரம் கிடைத்திருக்கும். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்திருப்பேன் என்று கேட்டால் தெரியாது. ஆனால் அவன் அதற்குள் வெளியே ஓடிவிட்டான்.  துண்டோடு ஹெட்டைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். மேஜையில் வைத்தான். துண்டை விலக்கினான்.

"இன்னைக்கே மாட்டிடலாம். அஞ்சு மணிக்குள்ள மாட்டி ஒரு ஓட்டம் ஓட்டி, நாளைக்குக் காருக்குள்ள..."

நின்றுவிட்டான். பூச்சு வேலைக்காரனுக்குக் கண் கூர்மை. சுவரில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவான். குனிந்து மூன்றாவது போர்ட்டுக்குள் பார்த்தான். அதன் விளிம்பில் இன்னும் துடைக்காத இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"ஓட்டை."

"திங்கக்கிழமை இல்லையே."

"இல்ல. நேத்து மத்தியானம் நான் போட்டது."

டெஸ் எழுந்து வந்தான். அவனும் குனிந்து பார்த்தான். ஊசியை எடுத்து உள்ளே விட்டுப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

"வெல்டு வச்சா?" என்றான்.

"வார்ப்பிரும்பு டெஸ். அந்த இடத்துல சூடு வச்சா பக்கத்துலயே விரிஞ்சு போகும். ரேஸ்ல நாலாவது சுத்துல தண்ணி பூரா சிலிண்டருக்குள்ள போயிடும். அப்புறம் எஞ்சினும் போயிடும்."

"என்னாலதான்," என்றான் டெஸ். "அந்தத் திருகை நான் தொட்டிருக்கவே கூடாது. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"நீ திருகினது அரைச் சுத்து. ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்தா திரும்பத் திருகிடலாம்."

அவனைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. கோபத்தில்தான் சொன்னேன். டெஸ்மேல் கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று பார்த்தேன், வரவில்லை. மூன்று நாளாக அந்த எண் பொய் சொன்னது. சரி. ஆனால் மூன்று நாளும் அது சுவரில்தான் இருந்தது. சக்கரத்தைப் பிடித்த கை என்னுடையது.

ரஸ்ஸல் இன்னும் ஹெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் நான் அடித்த இரண்டு எழுத்துகளின்மேல் அவன் கட்டைவிரல் இருந்தது. அவன் அதைத் தெரிந்தே அங்கே வைத்திருந்ததாகத் தோன்றவில்லை.

"நோலீன், ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"செவ்வாக்கிழமை இவன் கேட்டப்போ, ஹெட் நல்லாத்தான் இருக்கு, அந்த இடத்துல கையே வைக்கமாட்டேன்னு நீதானே சொன்னே? எங்க ரெண்டு பேர் வாயையும் அடைச்சியே. அது சரியாத்தானே இருந்துச்சு. அப்புறம் ஏன் தோண்டினே?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். டெஸ்ஸும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்று, அழுத்தம், கணக்கு என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. எதையும் சொல்லவில்லை.

"பயந்துட்டேன்," என்றேன். "நிஜமாவே எனக்கு ஒண்ணும் தெரியாதோன்னு பயந்துட்டேன்."

 ரஸ்ஸல் துண்டை எடுத்து ஹெட்டை மறுபடி மூடினான், மெதுவாக, நான்கு பக்கமும் இழுத்துவிட்டு.